மூடின கார் டிரெய்லரில் ரிவர்ஸ் லைட்: எரியாதது, மங்குவது, வேண்டாத நேரத்தில் எரிவது

செட்டிபாளையம் ரேஸ் டிராக்குக்குக் கார் ஏற்றி வருகிறவர்களும், வாளையார் தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் ராலிக்குப் போகிறவர்களும் மூடின டிரெய்லரை ராத்திரியில் பின்னால் எடுக்கும்போது படுகிற பாடு எனக்குத் தெரியும். இழுக்கிற வண்டியின் ரிவர்ஸ் லைட் டிரெய்லரின் முன் தகட்டில் விழுந்து அங்கேயே நின்றுவிடும். திறந்த டிரெய்லர் என்றால் கொஞ்சமாவது வெளிச்சம் ஊடுருவிப் பின்னால் போகும். மூடினதில் அதுவும் இல்லை. அதனால் டிரெய்லரின் பின் மூலைகளில் இரண்டு வெள்ளை லைட் கூடுதலாகப் போடுகிறார்கள். போடுவது அரை நாள் வேலை. ஒரு மழைக்காலம் தாண்டியும் அது எரிய வேண்டும் என்பதுதான் கஷ்டம்.

லைட்டே இல்லாதவர்கள் அதைப் புதிதாக எப்படிப் போடுவது என்று இங்கே சொல்லப்போவதில்லை. போட்டாகிவிட்டது, இப்போது சரியாக வேலை செய்யவில்லை என்கிறவர்களுக்குத்தான் இது. ஆனாலும் நல்ல ஒயரிங் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்தால்தான் உங்களுடையது எங்கே விலகியிருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒயரிங் இப்படி இருக்க வேண்டும்

ரிவர்ஸ் கியர் போட்டால் வண்டியின் ரிவர்ஸ் பல்புக்கு 12 வோல்ட் வருகிறது. அந்த ஒயரிலிருந்தே டிரெய்லர் லைட்டுக்கும் நேராக இழுத்துவிடுவது எல்லோரும் செய்கிற குறுக்கு வழி. வண்டியில் 21 வாட் பல்பு இரண்டு, டிரெய்லரில் 21 வாட் இரண்டு என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றும் 1.75 ஆம்பியர், மொத்தம் 7 ஆம்பியர். கியர்பாக்ஸில் திருகியிருக்கிற சின்ன ரிவர்ஸ் ஸ்விட்ச் இவ்வளவையும் தினமும் தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. கம்ப்யூட்டர் வழியாக லைட்டை இயக்குகிற புது வண்டிகளில் அந்த மாட்யூலே கோபித்துக்கொண்டு சப்ளையை நிறுத்திவிடும்.

ஆகவே ரிலே போடுங்கள்; சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டை ஆன் செய்கிற ஸ்விட்ச் அது, அதன் கால்களில் எண் அச்சடித்திருக்கும். ரிவர்ஸ் ஒயர் ரிலேயின் 86-ஆம் காலுக்கு, 85 எர்த்துக்கு (பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்புகிற பாதைக்கு), பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக வரும் ஒயர் 30-க்கு, லைட்டுக்குப் போகிற ஒயர் 87-லிருந்து. 85-க்கும் 86-க்கும் நடுவே இருக்கிற கம்பிச் சுருள், அதாவது ரிலே காயில், இழுப்பது சுமார் 0.15 ஆம்பியர்தான். ஸ்விட்சுக்குப் பாரமே இல்லை. பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், ரிலேக்குப் பக்கத்தில் அல்ல. பேட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவில் எங்கே ஒயர் உரசினாலும் அதைக் காப்பாற்ற ஆளில்லை.

அப்புறம் டிரெய்லர் சாக்கெட்டின் பின் (pin) எண். நம் ஊரில் பெரும்பாலும் கண்ணில் படுகிற வட்டமான 7 பின் சாக்கெட்டில், ஐஎஸ்ஓ 1724 முறைப்படி, ரிவர்ஸுக்கென்று தனிப் பின் கிடையாது. 1 இடது இண்டிகேட்டர், 2 பின் ஃபாக், 3 எர்த், 4 வலது இண்டிகேட்டர், 5 வலது டெயில், 6 பிரேக், 7 இடது டெயில். ரிவர்ஸ் வேண்டுமென்கிறவர்கள் 2-ஐ எடுத்துக்கொள்கிறார்கள். 13 பின் சாக்கெட் என்றால் 8-ஆவது பின் ரிவர்ஸுக்கே ஒதுக்கப்பட்டது, எர்த் 3. தட்டைப் பல் வைத்த அமெரிக்க பாணி 7 பின்னில் நடுவில் இருக்கிற உருண்டைப் பின்தான் ரிவர்ஸுக்கு. ஒயர் கலரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டிரெய்லர் கட்டினவர் அன்றைக்குக் கடையில் கிடைத்த கலரைப் போட்டிருப்பார்; அதை ரிப்பேர் செய்தவர் கஞ்சிக்கோட்டில் கிடைத்த கலரைச் சேர்த்திருப்பார்.

எந்தக் கோளாறானாலும் முதலில் பிளக்கைக் கழற்றுங்கள்

டிரெய்லர் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை போடுங்கள். ஹேண்ட் பிரேக் இழுங்கள். இன்ஜினை ஓட விடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ரிவர்ஸ் கியரில் வையுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்தபடி இருக்க வேண்டும்.

தேவையான சாமான் அதிகமில்லை. ஒரு மல்டிமீட்டர், இரண்டு ஒயர் பற்றவைத்த 21 வாட் பல்பு ஒன்று, பன்னிரண்டு, பதினைந்து மீட்டர் நீளமுள்ள ஒற்றை ஒயர் ஒன்று, அதன் இரண்டு முனையிலும் முதலைக் கிளிப்.

மல்டிமீட்டரைவிட அந்தப் பல்புதான் எனக்கு நம்பிக்கையான ஆள். காரணம் இது: ஒயரில் இருபது இழை அறுந்து ஒரே இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்றுதான் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்டே இழுப்பதில்லை. பல்பு 1.75 ஆம்பியர் கேட்கும். அந்த ஒற்றை இழையால் கொடுக்க முடியாது. பல்பு மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

பிளக்கைக் கழற்றிவிட்டு வண்டிப் பக்கத்துச் சாக்கெட்டில் ரிவர்ஸ் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே பல்பைப் பிடியுங்கள். பளிச்சென்று எரிந்தால் வண்டி சரி, கோளாறு டிரெய்லரில். எரியாவிட்டாலோ மங்கினாலோ டிரெய்லருக்கு அடியில் படுத்துத் தேட வேண்டியதே இல்லை. எர்த் பின்னுக்குப் பதிலாக வண்டியின் சேசிஸில் பல்பு முனையை வைத்துச் சோதிப்பது பலருக்கும் பழக்கம். அதைச் செய்யாதீர்கள். சேசிஸ் எர்த் நன்றாக இருந்து, சாக்கெட்டின் எர்த் பின் போயிருந்தால் ‘வண்டி சரி’ என்று தப்பாகத் தீர்ப்புச் சொல்லிவிடுவீர்கள்.

ரிலே டிரெய்லருக்குள் இருக்கிறதா வண்டியில் இருக்கிறதா என்று மட்டும் தெரிந்துகொண்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். டிரெய்லருக்குள் காரை இழுத்து ஏற்றுகிற வின்ச்சும் அதற்கென்று தனி பேட்டரியும் வைத்திருக்கிறவர்கள் ரிலேயை அங்கேயே வைத்துவிடுவது உண்டு. அப்போது பின் வழியாக வருவது காயிலுக்கான சிக்னல் மட்டும்தான்.

சுத்தமாக எரியவில்லை

வண்டியின் சொந்த ரிவர்ஸ் லைட் எரிகிறதா? அதுவும் எரியவில்லையென்றால் வண்டியின் ரிவர்ஸ் பியூஸ், இல்லாவிட்டால் கியர்பாக்ஸ் ஸ்விட்ச். ஸ்விட்சின் கப்ளரைக் கழற்றி அதன் இரண்டு ஒயரையும் ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள். லைட் எரிந்தால் ஸ்விட்ச் போய்விட்டது. விலை குறைவான சாமான்தான்.

வண்டியின் லைட் எரிகிறது, சாக்கெட்டில் எதுவும் வரவில்லை என்றால் ரிலேக்குப் போங்கள். ரிவர்ஸ் போடும்போது ரிலேயில் விரலை வைத்தால் ‘டிக்’ தெரிய வேண்டும்.

டிக் இல்லை: 86-இல் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். வந்தால் 85-இன் எர்த் போயிருக்கிறது, அதுவும் சரியென்றால் ரிலே காயில் போய்விட்டது. வராவிட்டால் ரிவர்ஸ் ஒயரில் எங்கே ஒட்டுப் போட்டீர்களோ அங்கே பாருங்கள். ஒயரை வெட்டாமல் மேலே வைத்து இடுக்கியால் நசுக்கினால் உள்ளே கடித்துக்கொள்கிற பிளாஸ்டிக் கிளிப் ஒன்று விற்கிறார்களே, அதைப் போட்டிருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். மெல்லிய ஒயரில் அது சரியாகக் கடிக்காது, தடித்த ஒயரில் பாதி இழையை வெட்டிவிடும், இரண்டிலுமே தண்ணீர் இறங்கும். கழற்றித் தூக்கிப் போட்டுவிட்டுச் சால்டர் வைத்து ஸ்லீவ் போடுங்கள்.

டிக் கேட்கிறது, லைட் இல்லை: 30-இல் 12 வோல்ட் இருக்கிறதா? இல்லையென்றால் பேட்டரிப் பக்கத்துப் பியூஸ். 30-இல் இருந்து 87-இல் இல்லையென்றால் ரிலேக்குள் காண்டாக்ட் கருகிவிட்டது, ரிலேயை மாற்றுங்கள்.

டிரெய்லரில் தனி பேட்டரி வைத்தவர்களுக்கு மட்டும் வருகிற ஒரு விசித்திரம் உண்டு. சாக்கெட்டில் சிக்னல் வருகிறது, டிரெய்லர் பேட்டரி நிறைந்திருக்கிறது, ரிலே புதுசு, ஆனாலும் டிக் இல்லை. இரண்டு பேட்டரியின் நெகட்டிவும் ஒன்றோடொன்று சேரவில்லை என்று அர்த்தம். வண்டியிலிருந்து கிளம்பின சிக்னல் கரண்ட் காயில் வழியாக வண்டியின் நெகட்டிவுக்கே திரும்ப வேண்டும். டிரெய்லர் பேட்டரியின் நெகட்டிவையும் 3-ஆவது பின் எர்த்தையும் ஒரே இடத்தில் சேருங்கள்.

வண்டிப் பக்கம் எல்லாம் சரி என்றால் டிரெய்லரின் பின் மூலைக்குப் போய், லைட்டின் இரண்டு ஒயரிலும் சோதனைப் பல்பை வையுங்கள். அங்கே எரிந்தால் லைட் செத்துவிட்டது. எரியாவிட்டால், அந்த நீள ஒயரின் ஒரு முனையைப் பிளக்கின் எர்த் பின்னில் மாட்டி, மறுமுனையைப் பல்பின் நெகட்டிவில் வையுங்கள். இப்போது எரிகிறதா? டிரெய்லரின் எர்த் போயிருக்கிறது. இப்போதும் எரியவில்லையா? பாசிட்டிவ் ஒயர் அறுந்திருக்கிறது. இந்த ஒரு சோதனைக்காகத்தான் அவ்வளவு நீள ஒயர் கேட்டேன்.

எரிகிறது, ஆனால் மங்கலாக

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். மங்கலுக்கு இரண்டு காரணம்தான்: மெல்லிய ஒயர், மோசமான எர்த். இரண்டும் சேர்ந்தே வரும்.

மூடின கார் டிரெய்லரில் பேட்டரியிலிருந்து பின் மூலைக்கு ஒயர் பத்து மீட்டருக்குக் குறையாது. 0.75 சதுர மி.மீ. செம்பு ஒயருக்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 24 மில்லி ஓம் தடை. பத்து மீட்டருக்கு 0.24 ஓம். 27 வாட் எல்இடி இரண்டு போட்டிருந்தால் 4.5 ஆம்பியர். போகும்போது ஒரு வோல்ட்டுக்கு மேல் விழும், எர்த்தும் அதே ஒயர் என்றால் திரும்பும்போது இன்னொரு வோல்ட். இன்ஜின் ஓடாமல் 12 வோல்ட் இருக்கிற இடத்தில் லைட்டுக்குப் பத்துக்கும் குறைவாகவே போய்ச் சேரும். சொட்டுநீர்க் குழாயை வைத்துக்கொண்டு தென்னந்தோப்பு முழுக்க வாய்க்கால் பாய்ச்ச நினைத்த கதைதான். 2.5 சதுர மி.மீ. போட்டால் ஒரு பக்கத்துக்கு 0.35 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். விலை வித்தியாசத்தைப் பார்க்காதீர்கள்.

அளப்பது எப்படி? லைட் எரிந்துகொண்டிருக்கும்போது மட்டும் அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில் (நீள ஒயர் உதவும்), மறுமுனை லைட்டின் நெகட்டிவில். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதை சரியில்லை. அதேபோல் பாசிட்டிவ் முனைக்கும் லைட்டின் பாசிட்டிவுக்கும் நடுவே அளந்தால் எந்தப் பக்கம் திருட்டு நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

மூடின டிரெய்லரில் எர்த் ஏன் இவ்வளவு தொல்லை கொடுக்கிறது தெரியுமா? திறந்த டிரெய்லர் முழுக்க இரும்பு. எங்கே போல்ட் போட்டாலும் ஓரளவு எர்த் கிடைத்துவிடும். மூடினதில் இரும்புச் சட்டத்துக்கு மேல் அலுமினியத் தகடு, அல்லது நடுவில் பிளாஸ்டிக் வைத்த கூட்டுப் பலகை. இரண்டுக்கும் நடுவே பிரைமர், பெயின்ட், தண்ணீர் புகாத பசை. ரிவெட்டு ஒன்றிரண்டு தொட்டுக்கொண்டிருக்கும், அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் அதுவும் வெள்ளைப் பொடியாகிவிடும். லைட்டின் கறுப்பு ஒயரைப் பக்கத்துத் தகட்டில் திருகுபோட்டு முடித்திருந்தால் அதை இன்றைக்கே கழற்றுங்கள். பின் மூலையிலிருந்து பிளக்கின் எர்த் பின்வரைக்கும் தனியாக ஒரு ஒயர், பாசிட்டிவின் அதே தடிமனில். ஒரே ஒரு இடத்தில் மட்டும் சேசிஸோடு சேர்த்தால் போதும்: பெயின்டைச் சுரண்டி, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள்.

இரண்டில் ஒரு லைட் மட்டும் மங்கல் என்றால் பொதுவான ஒயரைத் தொட வேண்டாம். இரண்டும் பிரிகிற இடத்திலிருந்து அந்த லைட்டுவரை மட்டும் பாருங்கள்.

நிற்கும்போது எரிகிறது, பின்னால் நகர்ந்தால் மினுக்குகிறது

“ஏனுங்கண்ணா, பட்டறையில நிறுத்திப் பாத்தா நல்லாத்தான் எரியுதுங்க, ரிவர்ஸ் எடுத்தா விட்டு விட்டு எரியுது” என்று டிரைவர் தம்பி சொன்னால், நான் முதலில் பார்ப்பது டிரெய்லரை வண்டியோடு மாட்டுகிற கொக்கி உருண்டையை. பிளக்கின் எர்த் பின் வேலை செய்யாமல், எர்த் முழுவதும் அந்த உருண்டை வழியாகவே போய்க்கொண்டிருக்கும். நிற்கும்போது இரும்பும் இரும்பும் அழுத்திக்கொண்டிருப்பதால் கரண்ட் போகும். பின்னால் தள்ளும்போது கப்ளிங் உள்ளே ஆடும், நடுவில் கிரீஸ் வேறு. விட்டு விட்டு எரியும். உருண்டையைச் சுரண்டிப் பளபளப்பாக்குவது மருந்தல்ல. எர்த் பின்னைச் சரிசெய்யுங்கள்.

எர்த் நன்றாக இருந்தும் மினுக்கினால், பிளக் ஒயர் வளைவில் இழுபடுகிறதா பாருங்கள். டிரெய்லரை முழுக்க ஒடித்துப் பின்னால் எடுக்கும்போது ஒயர் விறைத்து, பிளக் அரை மில்லிமீட்டர் வெளியே வந்தாலும் போதும். பின்கள் பிளவுபட்ட வகை என்றால் சின்னக் கத்தி முனையால் மெல்ல விரித்துவிடுங்கள்.

பிரேக் மிதித்தாலோ இண்டிகேட்டர் போட்டாலோ ரிவர்ஸ் லைட்டும் சேர்ந்து துடிக்கிறது

பார்க்கிறவர்கள் ஒயர் மாறிவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் பிரித்துப் போடுவார்கள். வேண்டாம். நேற்றுவரை சரியாக இருந்து இன்றைக்கு இப்படியென்றால் ஒயர் தானாக மாறவில்லை. எர்த் பின் கைவிட்டிருக்கிறது.

பிரேக் பல்புக்குள் புகுந்த கரண்ட் எர்த்துக்குப் போக வழியில்லாமல், டிரெய்லரின் பொது எர்த் முடிச்சிலிருந்து ரிவர்ஸ் பல்பின் இழைக்குள் தலைகீழாக நுழைந்து, ரிவர்ஸ் ஒயர் வழியாக வண்டிக்குப் போய், அங்கே வண்டியின் ரிவர்ஸ் பல்பு வழியாக எர்த்தைத் தேடிக்கொள்கிறது. நடுவில் இருக்கிற எல்லாப் பல்பும் அரைகுறையாக எரியும். இழைப் பல்பு போட்டு, ரிலே இல்லாமல் நேராக இழுத்த டிரெய்லரில்தான் இந்தக் காட்சியை முழுசாகப் பார்க்கலாம். எல்இடி ஒரே திசையில்தான் கரண்டை விடும் என்பதால் அங்கே இப்படித் துடிக்காது. எல்லாம் மங்கும், அல்லது மொத்தமாக அணையும். மூலக் காரணம் ஒன்றுதான்.

நீள ஒயரை வண்டி சேசிஸுக்கும் டிரெய்லர் சேசிஸுக்கும் நடுவே மாட்டிப் பாருங்கள். துடிப்பு அந்த நொடியே நின்றால் சந்தேகமே இல்லை.

புதிதாக ஒயரிங் செய்த அன்றே இப்படி நடந்தால் மட்டும் பின் எண்ணைச் சரிபாருங்கள். பிளக்கை முன்பக்கம் பார்க்கும்போது இருக்கிற வரிசையும், பின்னால் திருகுப் பக்கம் பார்க்கும்போது இருக்கிற வரிசையும் இடவலமாக மாறும். பிளாஸ்டிக்கில் பொடி எழுத்தில் எண் அச்சடித்திருக்கும், டார்ச் அடித்துப் படியுங்கள்.

இன்னொரு வகையும் உண்டு. உங்கள் வண்டியில் சரியாக எரிகிறது, நண்பரின் வண்டியில் மாட்டினால் ஃபாக் லைட் போடும்போது டிரெய்லரின் ரிவர்ஸ் லைட் எரிகிறது. அவர் வண்டியில் 2-ஆவது பின் அதன் முறையான வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். டிரெய்லரை வாடகைக்கு விடுகிறவர்கள் 13 பின்னுக்கு மாறிவிடுவது நல்லது.

ரிவர்ஸ் போட்டவுடன் பியூஸ் போகிறது

பெரிய பியூஸ் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரே பதில்: கூடாது. உள்ளே பலகை, வெளியே தகடு, நடுவில் ஒயர், அதற்குள் பெட்ரோல் நிரப்பின கார்.

பிளக்கைக் கழற்றிப் புது பியூஸ் போட்டு ரிவர்ஸ் கியர் போடுங்கள். பியூஸ் நின்றால் ஷார்ட் டிரெய்லரில். அடுத்து, ஒவ்வொரு தடவையும் ஒரு பியூஸைப் பலி கொடுக்காமல், பியூஸ் இருக்கும் இடத்தில் அந்த 21 வாட் பல்பை மாட்டுங்கள். டிரெய்லரின் லைட் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டுப் பிளக்கைப் போட்டு ரிவர்ஸில் வையுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு முழுப் பிரகாசமாக எரியும், ஆனால் 1.75 ஆம்பியருக்கு மேல் ஓடாது என்பதால் எதுவும் கருகாது. இப்போது நிதானமாக ஒயரைப் பிடித்து ஆட்டிக்கொண்டே பின்னால் போங்கள். பல்பு எங்கே அணைகிறதோ அங்கே இருக்கிறது ஷார்ட்.

எங்கே ஆட்டுவது? தகட்டில் துளை போட்டு ஒயர் நுழைகிற இடம் முதலில். ரப்பர் வளையம் இல்லாமல் வெறும் துளை வழியாகப் போன ஒயர் நம் ரோட்டின் குலுக்கலில் எத்தனை மாதம் தாங்கும் என்று நினைக்கிறீர்கள்? அடுத்து, உள்பக்கப் பலகையைப் பிடித்திருக்கிற திருகுகள். மூடின டிரெய்லருக்கே உரிய நோய் இது. யாரோ அலமாரி மாட்டவோ டயர் ஸ்டாண்டு மாட்டவோ தானாகத் துளைக்கிற திருகை அடித்திருப்பார்கள், அது பலகைக்குப் பின்னால் ஓடுகிற ஒயரைக் குத்தியிருக்கும். மூன்றாவது, கார் ஏறுவதற்காகச் சாய்வாக இறங்குகிற ராம்ப் கதவின் கீல். லைட்டைக் கதவிலேயே மாட்டியிருந்தால் ஒயர் கீல் பக்கமாக வளைந்து வளைந்து அறுந்திருக்கும். கதவில் மாட்டாதீர்கள் என்பதே என் அபிப்பிராயம். கதவை இறக்கினால் அது தரையைத்தான் பார்க்கும், கார் ஏற்றும்போது உதவாது.

பிளக் கழற்றியும் வண்டியின் ரிவர்ஸ் பியூஸ் போகிறது என்றால், ரிலேயில் டயோடு (ஒரே திசையில் கரண்டை விடுகிற சாமான்) உள்ளதா பாருங்கள். உள்ளே டயோடு வைத்த ரிலேயில் 85-உம் 86-உம் இடம் மாறக் கூடாது. மாறினால் கரண்ட் காயிலைத் தொடாமல் டயோடு வழியாகவே நேராக எர்த்துக்குப் போய்விடும். வெளியே படம் அச்சடித்திருக்கும்.

ரிவர்ஸ் போட்டால் அணைகிறது, மற்ற நேரம் எரிகிறது

ஐந்து கால் ரிலேயில் 87-க்குப் பதில் நடுவில் இருக்கிற 87ஏ-இல் ஒயரை மாட்டியிருக்கிறீர்கள். மாற்றி மாட்டுங்கள், முடிந்தது.

எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால், ரிலேயைப் பிடுங்கிப் பாருங்கள். அப்போதும் எரிந்தால் வேறு எங்கிருந்தோ சப்ளை வருகிறது. கார் ஏற்றுவதற்காகத் தனி ஸ்விட்ச் வைத்திருந்தால் அது ஆனில் இருக்கும். வெள்ளை லைட் எரிய 544-ஆம் எண் நெடுஞ்சாலையில் போனால் பின்னால் வருகிறவர் நீங்கள் ரிவர்ஸ் எடுப்பதாக நினைப்பார். கேரளப் பக்கம் கூடுதல் லைட் என்றாலே நிறுத்திக் கேட்பார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ரிவர்ஸ் லைட் வெள்ளையாக இருக்க வேண்டும், ரிவர்ஸில் மட்டுமே எரிய வேண்டும். தனி ஸ்விட்ச் வைக்கிறவர்கள் டிரைவர் கண்ணில் படுகிற இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு இண்டிகேட்டரும் வையுங்கள்.

அந்த ஸ்விட்சைப் போட்டால் வண்டியின் திரை ரிவர்ஸ் கேமராவுக்கு மாறுகிறது என்றால் ஸ்விட்சை 86 பக்கம் இணைத்திருக்கிறீர்கள், சப்ளை பின்னோக்கி வண்டிக்குள் போகிறது. 30-க்கும் 87-க்கும் குறுக்கே இருக்க வேண்டும் அந்த ஸ்விட்ச்.

அணைத்த பிறகும் எல்இடி லேசாக மினுங்குகிறது

ரிலே இல்லாமல் நேராக இழுத்ததற்குக் கூலி. பல்பு இருக்கிறதா என்று பார்க்க வண்டியின் மாட்யூல் நொடிக்கு நொடி சின்னத் துடிப்பு அனுப்பும். இழைப் பல்பு அதைக் கண்டுகொள்ளாது, எல்இடி உடனே மினுங்கும். ரிலே போட்டால் நின்றுவிடும்.

மழை வரைக்கும் சரி, மழைக்குப் பின் போச்சு

ஜூன் பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் மதுக்கரைவரை வந்து அடிக்கும். டிரெய்லரின் முன் முகத்தில் படுகிற தண்ணீர் அப்படியே பிளக்கில் இறங்கும். திறந்து பார்த்தால் பின்களில் பச்சைக் களிம்பு. மெல்லிய உப்புத்தாள், காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே, அப்புறம் டைஎலக்ட்ரிக் கிரீஸ். இது எல்லோரும் செய்வது.

செய்யாமல் விடுவது ஒயரின் முனையை. திருகுக்குள் நுழைந்த செம்பு கறுத்திருந்தால் அந்தக் கறுப்பு இன்சுலேஷனுக்குள் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். இழைகளுக்கு நடுவே தண்ணீர் தானாக மேலே ஏறும். பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். ஓரடி போனாலும் போகட்டும். கறுத்த செம்பில் சால்டர் ஒட்டாது, கிரிம்ப் செய்தாலும் அடுத்த மழைக்குத் தாங்காது.

டிரெய்லர் சும்மா நிற்கும்போது பிளக்கை வாய் மேலே பார்க்கப் போட்டுவைக்கிறார்கள். வாய் கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள். லைட்டுக்கு வருகிற ஒயரும் லைட்டுக்குக் கொஞ்சம் கீழே இறங்கி மறுபடி ஏறி நுழைய வேண்டும், அப்போது தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கண்ணாடிக்குள் தண்ணீர் நிற்கிற எல்இடியைக் காயவைத்துத் திரும்ப மாட்டுவது நேரத்துக்குப் பிடித்த கேடு. மாற்றுங்கள்.

ரிவர்ஸ் போட்டால் கேமராப் படத்தில் கோடு ஓடுகிறது

மலிவான எல்இடிக்குள் கரண்டைச் சீராக்குகிற சர்க்யூட் எழுப்புகிற மின் இரைச்சல். கேமராவுக்கான சப்ளையை லைட் ஒயரிலிருந்து எடுக்காதீர்கள், வீடியோ ஒயரையும் லைட் ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். டிரெய்லரின் எதிர்ப் பக்கச் சட்டம் வழியாகக் கொண்டுபோங்கள். அதற்குப் பிறகும் கோடு இருந்தால் லைட்டை மாற்ற வேண்டியதுதான்.

எல்லாம் எரிகிறது, ஆனாலும் ஒன்றும் தெரியவில்லை

இது ஒயரிங் கோளாறு அல்ல, இடக் கோளாறு. தூரத்துக்குக் குவிந்து அடிக்கிற லைட்டை மாட்டியிருப்பீர்கள். பின்னால் எடுக்கிறவருக்குத் தேவை பக்கவாட்டுச் சுவரும் டயருக்குப் பின்னால் இருக்கிற பள்ளமும். அகலமாகப் பரவுகிற லைட்தான் வேண்டும். உயரமும் முக்கியம். ஐ.நா.வின் 48-ஆம் எண் வாகன விதி ரிவர்ஸ் லைட்டை 250 மி.மீ.க்குக் கீழேயும் 1200 மி.மீ.க்கு மேலேயும் வைக்கக் கூடாது என்கிறது. கூரை ஓரத்தில் மாட்டினால் வெளிச்சம் நிறையத் தெரிகிற மாதிரி இருக்கும், பின்னால் கை காட்டிக்கொண்டு நிற்கிறவருக்குத்தான் கண் கூசும். அவர் கண்ணை மூடிக்கொண்டால் உங்களுக்கு ‘வா வா’ சொல்ல யார் இருக்கிறார்கள்?

பின் மூலைத் தூணில், பம்பருக்குச் சற்று மேலே, தரை பார்க்கக் கொஞ்சம் சாய்த்து, வெளிப்பக்கமாகக் கொஞ்சம் திருப்பி மாட்டுங்கள். நட்டை முழுக்க இறுக்கிவிடாமல், இருட்டின பிறகு டிரெய்லரைச் சுவரிலிருந்து நாலைந்து மீட்டர் தள்ளி நிறுத்தி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து இரண்டு பக்கக் கண்ணாடியிலும் பாருங்கள். டிரெய்லரின் பின் டயர் தெரிய வேண்டும், அதன் பின்னால் தரை தெரிய வேண்டும், லைட்டே கண்ணாடியில் நேராகத் தெரியக் கூடாது. உள்ளே கார் ஏற்றினால் டிரெய்லரின் மூக்கு இறங்கிப் பின்பக்கம் சற்றே தூக்கலாம், அதனால் இந்தச் சோதனையைக் கார் உள்ளே இருக்கும்போதே செய்துவிட்டு, அப்புறம் இரண்டாவது நட்டைப் போட்டு இறுக்குங்கள்.